சுங்கை சிப்புட்டில் ஒரு தொலைபேசி கிளினிக்: பயனாளியின் மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் கடைவீதியில், பழைய கடைவரிசையொன்றின் கோடியில் இருக்கும் ஒரு தனியார் கிளினிக், 2020ஆம் ஆண்டு மே மாதம் முதல் தொலைபேசி வழியாகவும் புலனம் (வாட்ஸ்அப்) வழியாகவும் நோயாளிகளைப் பார்த்து வருகிறது. என் தாயாருக்காகவும், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருக்கும் என் தம்பி குடும்பத்துக்காகவும், ஓரிரு முறை எனக்காகவும் அந்தச் சேவையை இருபது தடவைக்குக் குறையாமல் பயன்படுத்தியிருக்கிறேன். பெயரை எழுதாமல் விடுகிறேன். ஒரே மருத்துவரும் மூன்று தாதியரும் மட்டுமே வேலை செய்யும் சிறிய கிளினிக்கில், குறை என்று எழுதினால் அது நிறுவனத்தின் மேல் விழாது, ஆளின் மேல்தான் விழும். இதே போன்ற சேவையை வேறு ஊரில் தேடுகிறவர்களுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பது பெயர் இல்லாமலே விளங்கும்.

அந்த நாள்களின் நிலையை மறந்துவிட்டவர்களுக்காகச் சிறிது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. இரண்டு வாரத்தில், பொருள் வாங்க வீட்டுக்கு ஒருவர், அதுவும் 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் என்ற நிலை ஏற்பட்டது. எங்கள் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனை உள்ள ஈப்போ நகரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மருத்துவ முன்பதிவுக் கடிதம் இருந்தால் காவல் துறையினர் சாலைத் தடுப்பில் விட்டுவிடுவார்கள் என்றாலும், 81 வயது நீரிழிவு நோயாளியை எந்தக் கூட்டத்துக்குள் அழைத்துச் செல்வது என்ற அச்சம் தடுப்பைவிடப் பெரிதாக இருந்தது. தாயாரின் வழக்கமான மாத்திரைகள் அரசாங்க கிளினிக்கிலிருந்து அஞ்சல் வழியாக வந்துகொண்டிருந்தன. மாத்திரை வந்தது, கேள்வி கேட்க ஆள்தான் இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்தத் தனியார் கிளினிக்கின் எண் எங்கள் கைக்கு வந்தது.

எண்ணைச் சேமித்து முதல் செய்தி அனுப்பியதும் பதிலாக ஒரு தாளின் படம் வரும். இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அந்தத் தாளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அழைப்புக்கு முன் என்னென்ன ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது: அடையாள அட்டை, அன்றைய உடல்வெப்பம், இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, அவை எடுக்கப்பட்ட நேரம், ஒவ்வாத மருந்துகள், குழந்தையாக இருந்தால் எடை, மருத்துவரிடம் கேட்க நினைக்கும் மூன்று கேள்விகள். கேள்வியை எழுதி வைக்கச் சொன்னது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவரின் குரலைக் கேட்டதும் "ஒன்றும் இல்லை டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடுவது எங்கள் தோட்டத்துத் தலைமுறையின் பழக்கம். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் ஐயாவிடம் நின்று பேசவே அஞ்சியவர்கள் அவர்கள். தாளில் எழுதியிருந்தால் பக்கத்தில் இருப்பவராவது படித்துக் காட்டுவார்.

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் மேசையில் பரப்பிப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது தாளின் மற்றொரு வரி. பிஸ்கட் டின்னில் இருப்பவற்றையும், தலையணை அடியில் இருப்பவற்றையும், பக்கத்து வீட்டார் கொடுத்தவற்றையும் சேர்த்து என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. எழுதியவருக்கு நம் வீடுகள் தெரிந்திருக்கின்றன. நான்தான் அந்த வரியைச் சரியாகப் படிக்காமல், அரசாங்க கிளினிக் மருந்துப் பையை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். அதன் விளைவு அவ்வாண்டுப் புரட்டாசியில் தெரிந்தது.

சனிக்கிழமை விரதம் என்று தாயார் காலை உணவை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கியிருக்கிறார். பத்தரை மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பார்த்து நான் கிளினிக்கை அழைத்தேன். மருத்துவர் மலாய்க்காரர், அன்பானவர், தமிழ் தெரியாது. தாயார் தமக்குத் தெரிந்த பாசார் மலாயில் (சந்தைப் பேச்சு மலாயில்) "பெனிங், டாக்டர்" என்றார். மலாயில் அந்த ஒரு சொல்லே தலைவலிக்கும் ஆகும், தலைச்சுற்றலுக்கும் ஆகும். மருத்துவர் இரத்த அழுத்தத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிய வேளையில், அதே அழைப்பில் இணைந்திருந்த தமிழ்த் தாதி குறுக்கிட்டார். "பாட்டி, தலை வலிக்குதா, சுத்துதா, இல்ல படபடன்னு வருதா? கை நடுங்குதா?" என்று கேட்டார். "படபடப்புத்தாம்மா, வேர்த்து ஊத்துது" என்றார் தாயார். உடனே சர்க்கரை அளவு பார்க்கச் சொன்னார்கள். 3.4 மில்லிமோல் காட்டியது. நீரிழிவு மருந்து எடுப்பவருக்கு 4க்குக் கீழே இறங்கினாலே தாழ்நிலைதான். மூன்று முழுத் தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் அளக்கும்வரை தாதி தொடர்பைத் துண்டிக்கவில்லை. அதன் பிறகுதான் பிஸ்கட் டின் வெளியே வந்தது. அரசாங்க கிளினிக் கொடுத்த கிளிக்லசைடு ஒரு பக்கம், எப்போதோ வேறோரிடத்தில் வாங்கிய டயமைக்ரான் மறு பக்கம். பெயர்தான் இரண்டு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. இரண்டையும் நாள்தோறும் விழுங்கி, அதன்மேல் விரதமும் இருந்திருக்கிறார்.

கேமராவும் இணைய வேகமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், "படபடப்பு" என்ற சொல்லின் பொருளை அறிந்த ஒருவர் அழைப்பில் இல்லாதிருந்தால் அந்தக் காலைப்பொழுது எப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நெஞ்சு கரிப்பது வேறு, நெஞ்சு அடைப்பது வேறு. கிறுகிறுப்பு வேறு, மயக்கம் வேறு. நேரில் போனால் முகத்தையும் கையையும் பார்த்து மருத்துவர் ஊகித்துக்கொள்வார். தொலைபேசியில் சொல் ஒன்றுதான் உடம்பு. ஆகையால் எந்தத் தொலைபேசி கிளினிக்கை நாடினாலும், நோயாளியின் மொழி பேசும் ஒருவரை அழைப்பில் சேர்ப்பார்களா என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். இங்கே சேர்க்கிறார்கள், கட்டணம் கூட்டாமல்.

தாளின் பின்பக்கம் முழுவதும், எப்போது அழைக்கக் கூடாது என்பதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், கை கால் ஒரு பக்கமாக விழுதல், திடீர்க் குழப்பம், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் எங்களை அழைத்து நேரத்தை வீணாக்காமல் 999ஐ அழையுங்கள் என்கிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அழைக்காமல் நேரே கொண்டுவர வேண்டும். கர்ப்பிணிக்கு வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகளைப் பெருந்தொற்றுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம் என்றும் ஒரு வரி உண்டு. கட்டணம் வாங்கும் ஒரு கிளினிக், தன் சேவையை எப்போது நாடக் கூடாது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பது எனக்கு அதன் மேல் நம்பிக்கை வரக் காரணமாயிற்று.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை என்பதற்கு என் தம்பி மகனின் காய்ச்சலே சான்று. 2021 அக்டோபரில், செம்பனைக் குலை வெட்டும் வேலையில் இருந்த 19 வயதுப் பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அதற்குள் வீட்டிலேயே கோவிட் பரிசோதனை செய்யும் கருவிகள் மருந்தகங்களில் தாராளமாகக் கிடைத்தன. செப்டம்பர் முதல் அவற்றின் உச்ச சில்லறை விலையை அரசாங்கம் 19 ரிங்கிட் 90 சென்னாக வரையறுத்திருந்தது. பரிசோதித்தார்கள், தொற்று இல்லை என்று வந்தது, நிம்மதியாகக் காய்ச்சல் மாத்திரை கேட்டு அழைத்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தின் பெரிய ஆபத்துகளில் இதுவும் ஒன்று: கோவிட் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்ற எண்ணம். தாதி கேட்ட கேள்விகள் வேறு திசையில் இருந்தன. வயிறு வலிக்கிறதா, வாந்தி நிற்காமல் வருகிறதா, பல் ஈறில் இரத்தம் கசிகிறதா, கெண்டைக்கால் வலிக்கிறதா, வேலையிடத்தில் எலி நடமாட்டம் உண்டா? முதல் மூன்றும் டிங்கி எனும் டெங்குக் காய்ச்சலுக்காக. கடைசி இரண்டும் எலிக் காய்ச்சலுக்காக என்று பிறகு விளக்கினார். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கும் செம்பனைத் தோட்டத் தொழிலாளிக்கு அது எட்டாத நோயல்ல.

மருத்துவர் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, தொலைபேசியில் இதற்கு மருந்து கொடுக்க மாட்டேன், இரத்தம் பார்க்க வேண்டும், இன்றே வர வேண்டும் என்று முடித்துவிட்டார். அந்த அழைப்புக்குப் பணம் வாங்கவில்லை. பையனோ மாலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது, போக வேண்டாம் என்றான். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து அதிர்ச்சி நிலை வருவது பெரும்பாலும் அப்போதுதான். தம்பி அவனை மோட்டாரில் வைத்துக் கட்டாயமாகக் கொண்டுவந்தார். டிங்கி உறுதியானது, இரத்தத் தட்டுகள் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தன. அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு நான்கு நாள் படுத்திருந்து திரும்பினான். காய்ச்சல் என்றதும் அஸ்பிரினோ இபுபுரொஃபெனோ வாங்கி விழுங்க வேண்டாம், பாராசிட்டமால் போதும் என்ற தாளின் வரியை அவர்கள் கடைப்பிடித்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. முன்னவை டிங்கியில் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை.

இனி, தாள் சறுக்கிய இடத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் நாட்டில் ஒரே நாளில் 24,000க்கும் மேற்பட்ட தொற்றுகள் பதிவான வாரத்தில், தம்பியின் மனைவிக்குக் கோவிட் கண்டது. அறிகுறி உண்டு, நுரையீரல் பாதிப்பு இல்லை. அதாவது சுகாதார அமைச்சின் ஐந்து பிரிவுகளில் இரண்டாம் பிரிவு. மைசெஜாத்ரா செயலியில் அன்றாட நிலையைப் பதிந்துகொண்டு வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும். கிளினிக்கின் தாளும் அதற்கேற்ப, தனியறை, தனிக் கழிவறை, முடியுமானால் தனி மாடி என்று எழுதியிருந்தது. லய வீட்டில் ஓர் அறை, ஒரு கூடம், பின்னால் அடுப்படி, ஆறு பேர். தனி மாடிக்கு அவர்கள் எங்கே போவார்கள்? தம்பி அதைப் படித்துவிட்டு, இது நமக்கு எழுதியதல்ல என்று மடித்து வைத்துவிட்டார். முதல் வரியே பொருந்தாதபோது மீதி வரிகளையும் மனிதர் நம்புவதில்லை.

நான் இதைத் தாதியிடம் சொன்னபோது அவர் தற்காத்துப் பேசவில்லை. மறுநாள் குரல்பதிவாக வேறு ஆலோசனை வந்தது. அறையை நோயாளிக்கு விட்டு மற்றவர்கள் கூடத்தில் படுக்க வேண்டும். அறைச் சன்னலை எப்போதும் திறந்து வைத்து, மின்விசிறியைச் சன்னலுக்கு வெளியே காற்றைத் தள்ளும்படி திருப்பி வைக்க வேண்டும். கழிவறையை நோயாளி கடைசியாகப் பயன்படுத்தி, கதவையும் சன்னலையும் திறந்துவிட வேண்டும். பொது இடத்துக்கு வரும்போது எல்லாரும் முகக்கவரி அணிய வேண்டும். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு விலக வேண்டும். பகலில் நோயாளி பின்பக்கத்து மா மர நிழலில் உட்காரலாம், அது அறையைவிட நல்லது. அவ்வளவும் செய்யக்கூடியவை, அவ்வளவும் செய்தார்கள். என்றாலும் வீட்டில் இன்னும் இருவருக்குத் தொற்றியது. தாமதமாகவே தெரிந்துகொண்டதால் இருக்கலாம். புதிய தாளில் லய வீட்டுக்கென்று ஒரு தனிப் பகுதி சேர்ந்திருக்கிறது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானியைக் கிளினிக் வாடகையின்றி இரவல் கொடுத்தது. 95க்குக் கீழே இறங்கினால் அழைக்கவும், உட்கார்ந்திருக்கும்போது ஓர் அளவும் சிறிது நேரம் நடந்த பிறகு ஓர் அளவும் எடுக்கவும் சொன்னார்கள். நகப்பூச்சைத் துடைக்கவும், குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டவும் சொன்னார்கள். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, இக்கருவி கறுப்பின நோயாளிகளிடம் உண்மையான ஆக்சிஜன் குறைவைக் காட்டாமல் விடுவது வெள்ளையரைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டது. கறுத்த மேனி உடைய நம்மவர்கள் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக மூச்சு வாங்குவதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடக் கூடாது. மருத்துவரிடம் இதைக் கேட்டேன். அதனால்தான் எண்ணோடு நிற்காமல் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்கிறோம் என்றார். நியாயமான பதில்தான், ஆனால் காரணத்தைத் தாளில் எழுதினால் என்ன? முதல் தாளில், ஒரே மூச்சில் எத்தனை எண் வரை சொல்ல முடிகிறது என்ற சோதனையும் இருந்தது. அதற்குப் போதிய சான்று இல்லை என்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020லேயே எச்சரித்திருந்தார்கள். இரண்டாம் தாளில் அதை எடுத்துவிட்டார்கள்.

நேரில் செல்வதற்கான ஏற்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காய்ச்சல் உள்ளவர்களுக்குப் பின்சந்தில் கூடாரம், மற்றவர்களுக்கு முன்வாசல், குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு வந்து செய்தி அனுப்பினால் போதும், துணைக்கு ஒருவர். நண்பகலில் கூடாரத்துக்குள் வெயில் தாளாது. காய்ச்சல்காரரை அங்கே உட்கார வைப்பது அடுப்படியில் உட்கார வைப்பது போன்றது. காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

குறைகளுக்கு வருகிறேன். காணொளி அழைப்பு தோட்டத்தில் பெரும்பாலும் வேலை செய்யவில்லை. செம்பனைக்கு நடுவே அலைவரிசை எட்டாது. இது கிளினிக்கின் பிழையல்ல என்றாலும், அழைப்பு அறுந்தால் யார் திரும்ப அழைப்பது என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஒரு முறை அவர்கள் அழைப்பார்கள் என்று நாங்களும், நாங்கள் அழைப்போம் என்று அவர்களும் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். இன்னொரு முறை, முகப்பில் இருந்தவர் ஒரு நோயாளியின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நோயையும் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்ததைக் கூடாரத்தில் இருந்த நான்கு பேரும் கேட்டோம். தொலைபேசியில் நாம் தனிமையில் பேசுகிறோம் என்று எண்ணுகிறோம். மறுமுனை தனிமையாக இருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. சொல்லிய பிறகு காதில் மாட்டிப் பேசும் கருவி வாங்கியிருக்கிறார்கள்.

தமிழ்த் தாளைப் பற்றி ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்ற முறையில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க இயலவில்லை. முதல் பதிப்பில் "உங்கள் வெப்பநிலையை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றிருந்தது. வெப்பநிலையை எந்தப் பையில் போட்டுக்கொண்டு போவது? அது சிரிப்போடு போகும். ஆனால் "முடிவு நேர்மறையாக இருந்தால்" என்ற வரியைப் படித்த எங்கள் தாமானிலுள்ள (குடியிருப்புப் பகுதியிலுள்ள) மூதாட்டி ஒருவர், நேர்மறை என்றால் நல்லது என்று எடுத்துக்கொண்டு மறுநாள் கோவிலுக்குப் புறப்பட்டுவிட்டார். நேர்மறையாகச் சிந்தி என்று மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தானே. "தொற்று இருக்கிறது", "தொற்று இல்லை" என்று எழுதும்படி சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ஆலோசனைக்கு 25 ரிங்கிட் வாங்கினார்கள். பொது மருத்துவர்களுக்கு அந்நாளில் விதிக்கப்பட்டிருந்த 10 முதல் 35 ரிங்கிட் வரம்புக்குள் அது அடங்கும். மருந்து தனி. தோட்டம் வரை மோட்டாரில் கொண்டுவந்து கொடுக்க 5 ரிங்கிட். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்குக் கிடைப்பதோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையல்ல. தினக்கூலிக்காரர் சளிக்கும் இருமலுக்கும் இதைச் செலவிட வேண்டியதில்லை. நீண்டகால நோய்க்குத் தொடர் மருத்துவம் பார்க்கிறவர்கள், நடக்க இயலாத முதியவர்கள், வந்தாக வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் தவிக்கிறவர்கள் ஆகியோருக்கு இது பணத்துக்குத் தகுந்த சேவை. முன்பு ஒரு முறையாவது நேரில் பார்த்திராத நோயாளிக்குத் தொலைபேசியில் மருந்து எழுதுவதில்லை என்று கிளினிக் ஒரு விதி வைத்திருக்கிறது. அதைக் குறைபட்டுக்கொள்பவர்கள் ஊரில் உண்டு, எனக்கு அது சரியாகவே படுகிறது.

இப்போது கூடாரம் இல்லை, கூட்டம் முன்போல் முன்வாசலிலேயே உட்காருகிறது. தொலைபேசிச் சேவை மட்டும் திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை தொடர்கிறது. தமிழ்த் தாதி புதன்கிழமைகளில் விடுப்பில் இருப்பார். தாயாருக்காக நான் அழைப்பதாக இருந்தால் வியாழக்கிழமை வரை பொறுத்திருக்கிறேன்.